மன்ஸாவின் நாட்டில் ஒரு மக்ரிபி: இப்னு பதூதா கண்ட மேற்கு ஆப்பிரிக்க முஸ்லிம் வாழ்வு

ஆப்பிரிக்காவில் இஸ்லாம் பரவிய வரலாற்றைப் பேசும்போது நம் பார்வை பெரும்பாலும் மிஸ்ரோடும் மக்ரிபோடும் நின்றுவிடுகிறது. அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷியையும் பிலால் (ரலி) அவர்களையும் பெருமிதத்துடன் நினைவுகூர்கிறோம். ஆனால் ஸஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே ஆயிரம் ஆண்டுகளாகத் தொழுதும் ஓதியும் வாழ்ந்துவரும் பெரும் சமுதாயத்தைப் பற்றி நாம் அறிந்திருப்பது மிகக் குறைவு. அறிந்ததும் மாலிப் பேரரசர் மன்ஸா மூஸாவின் தங்கத்தோடு முடிந்துவிடுகிறது. ‘மன்ஸா’ என்பது அந்நாட்டு மொழியில் மன்னரைக் குறிக்கும் சொல். கி.பி. 1324ஆம் ஆண்டில் ஹஜ்ஜுக்குச் சென்ற அவர் கெய்ரோவில் வாரி வழங்கிய தங்கத்தால் அந்நகரில் பொன்னின் விலை சரிந்தது என்றும், பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னும் அது பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்றும் அல் உமரி என்னும் அறிஞர் எழுதிவைத்துள்ளார்.

ஓர் அரசரின் தங்கம் அவருடைய செல்வத்தைக் காட்டும். அவருடைய குடிமக்கள் எவ்வாறு தொழுதார்கள், பிள்ளைகளுக்கு எவ்வாறு ஓதிக் கொடுத்தார்கள், அநீதி நேர்ந்தபோது யாரிடம் முறையிட்டார்கள் என்பதைக் காட்டாது. அவற்றை அறிய நமக்குக் கிடைத்துள்ள மிகச் சிறந்த சான்று, மன்ஸா மூஸாவின் தம்பி சுலைமானின் ஆட்சியில் அந்நாட்டுக்குச் சென்று ஏறத்தாழ எட்டு மாதங்கள் தலைநகரில் தங்கிய இப்னு பதூதாவின் பயண நூலாகும். அந்த நூலைத் தகவல்களுக்காக மட்டுமன்றி வேறொரு காரணத்துக்காகவும் நாம் ஊன்றிப் படிக்க வேண்டும். அரபு உலகிலிருந்து வந்த ஒரு காழி, தொலைதூரத்து முஸ்லிம்களின் வாழ்வை அளந்து தீர்ப்புக் கூறுகிறார். எதைப் போற்றினார், எதைப் பழித்தார், எதைப் பற்றிப் பேசாமலே விட்டார் என்பவை அந்த மக்களைப் பற்றி மட்டுமன்றி, அளந்தவரைப் பற்றியும் அவருடைய அளவுகோலைப் பற்றியும் நமக்குச் சொல்கின்றன.

வணிகரோடு வந்த மார்க்கம்

மேற்கு ஆப்பிரிக்காவுக்கு இஸ்லாம் படையெடுப்பால் வந்ததன்று. வடக்கிலிருந்து உப்பும் துணியும் குதிரையும் கொண்டு ஒட்டக அணிகளில் வந்த வணிகர்கள், தெற்கிலிருந்து தங்கத்தைப் பெற்றுச் சென்றார்கள். அவர்களோடு தொழுகையும் எழுத்தும் கணக்கு வழக்கும் வந்தன. கி.பி. 1068ஆம் ஆண்டு வாக்கில் எழுதிய அந்தலூசிய அறிஞர் அல் பக்ரி, கானா என்னும் பழைய அரசின் தலைநகர் இரட்டை நகராக இருந்ததாகக் குறிப்பிடுகிறார். ஒன்று முஸ்லிம்களின் நகர்; அதில் இமாம்களும் முஅத்தின்களும் கொண்ட பன்னிரண்டு பள்ளிவாசல்கள் இருந்தன. மற்றொன்று அரசரின் நகர். அந்த அரசர் முஸ்லிம் அல்லர். எனினும் அவருடைய மொழிபெயர்ப்பாளரும் கருவூலப் பொறுப்பாளரும் அமைச்சர்களில் பெரும்பாலோரும் முஸ்லிம்களே.

மலல் என்னும் நாட்டு மன்னர் இஸ்லாத்தைத் தழுவிய கதையையும் அல் பக்ரி கூறுகிறார். பல ஆண்டுகள் மழை பொய்த்து மாடுகள் மடிந்தன. அப்போது அங்குத் தங்கியிருந்த முஸ்லிம் விருந்தாளி ஒருவர் மன்னருக்கு மார்க்கத்தைக் கற்பித்து, வெள்ளிக்கிழமை இரவு முழுதும் அவருடன் தொழுது துஆச் செய்தார். விடியும்போது மழை பெய்தது. மன்னரும் அவருடைய குடும்பத்தினரும் முஸ்லிம்களாயினர். பொதுமக்களோ பழைய வழியிலேயே இருந்தனர். அரசவை முதலில், ஊர் பின்னர் என்ற இந்த வரிசை அந்நிலப்பகுதியின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் காணப்படுவதாகும்.

மாலி அரசு 13ஆம் நூற்றாண்டில் எழுந்தது. மன்ஸா மூஸாவும் அவருக்குப் பின் சில ஆண்டுகளில் அரியணை ஏறிய சுலைமானும் பள்ளிவாசல்களைக் கட்டினார்கள். மாலிகி மத்ஹபின் ஃபுகஹாக்களை வரவழைத்தார்கள். இப்னு பதூதா அங்குச் சென்ற காலத்தில் அவ்வரசு தன் உச்ச நிலையில் இருந்தது.

உப்புப் பள்ளிவாசலும் தங்க நாடும்

கி.பி. 1304இல் தாஞ்சியரில் பிறந்து, 21ஆம் வயதில் ஹஜ்ஜுக்கெனப் புறப்பட்ட இப்னு பதூதா, அரபு நாடுகள், பாரசீகம், கிழக்கு ஆப்பிரிக்கா, தில்லி, மாலத்தீவு, மஅபர் எனச் சுற்றியவர். மாலியில் கால் வைத்தபோது அவருக்கு ஐம்பது வயது நெருங்கிக் கொண்டிருந்தது. தில்லியிலும் மாலத்தீவிலும் காழியாக இருந்த அனுபவத்துடனேயே அவர் எதையும் நோக்கினார்.

ஹிஜ்ரி 753 முஹர்ரம் முதல் நாள், அதாவது 1352 பிப்ரவரியில், மொராக்கோவின் தென்கோடியிலுள்ள ஸிஜில்மாஸா நகரிலிருந்து ஒட்டக அணியோடு அவர் புறப்பட்டார். 25 நாட்களில் தகாஸா என்னும் உப்புச் சுரங்க ஊரை அடைந்தார். மரமே இல்லாத அவ்வூரில் வீடுகளும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டப்பட்டு ஒட்டகத் தோலால் கூரை வேயப்பட்டிருந்தன. அங்கு உப்பு வெட்டியவர்கள் மஸூஃபா என்னும் பெர்பர் குலத்தாரின் அடிமைகள். ஓர் ஒட்டகச் சுமை உப்பு, பாலைவனத்தின் தென்கரையிலுள்ள வலாத்தாவில் எட்டு முதல் பத்து மித்கால் பொன்னுக்கும், மாலித் தலைநகரில் இருபது முதல் முப்பது மித்காலுக்கும், சில வேளைகளில் நாற்பதுக்கும் விற்றது. உப்பைச் சிறு துண்டுகளாக வெட்டிக் காசுபோல் பயன்படுத்தினார்கள் என்றும் அவர் எழுதுகிறார்.

அந்நாட்டில் வழங்கிய மற்றொரு நாணயம் அவருக்கு முன்பே அறிமுகமானது. மாலத்தீவுக் கடலில் எடுக்கப்படும் சோழிகளே அவை. மாலியிலும் நைஜர் ஆற்றங்கரையிலுள்ள காவ் நகரிலும் ஒரு பொன் தீனாருக்கு 1,150 சோழிகள் என்ற விலையில் அவை மாறியதைத் தாம் நேரில் கண்டதாகக் கூறுகிறார். நம் தென்கடலின் சோழி ஸஹாராவைத் தாண்டி ஓர் ஆப்பிரிக்கச் சந்தையில் செல்லுபடியானது அன்றைய முஸ்லிம் வணிக உலகின் பரப்பை நமக்கு உணர்த்துகிறது.

வலாத்தாவிலிருந்து தலைநகருக்கு 24 நாள் பயணம். வழித்துணைக்குப் பெருங்கூட்டம் தேவையில்லை என்றும், வழி அவ்வளவு பாதுகாப்பானது என்றும் கூறும் அவர், ஒரு வழிகாட்டியையும் மூன்று தோழர்களையும் மட்டும் உடன் கொண்டார். வழியில் உப்பு, கண்ணாடி மணி, கிராம்பு ஆகியவற்றைக் கொடுத்து, ஊர்ப் பெண்களிடம் தினையும் பாலும் கோழியும் அரிசியும் பெறலாம். பொந்து விழுந்த பெருமரம் ஒன்றினுள்ளே ஒருவர் தறி போட்டு நெய்துகொண்டிருந்ததைக் கண்டு அவர் வியந்தார். 1352 ஜூன் இறுதியில் தலைநகரை அடைந்தார். அத்தலைநகர் எங்கிருந்தது என்பதில் ஆய்வாளரிடையே இன்றும் கருத்தொற்றுமை இல்லை.

ஜும்ஆவும் குர்ஆனும்

மாலி மக்களிடம் தாம் கண்ட நற்பண்புகளையும் குறைகளையும் இப்னு பதூதா தனித்தனிப் பட்டியலாகத் தருகிறார். நற்பண்புகளே முதலில் வருகின்றன. அவற்றுள் வழிபாடு பற்றியவை நம் உள்ளத்தைத் தொடுபவை.

அம்மக்கள் தொழுகையை நேரம் தவறாமல் ஜமாஅத்துடன் நிறைவேற்றினார்கள். பிள்ளைகள் அதில் அசட்டையாக இருந்தால் கண்டித்து அடித்தார்கள். வெள்ளிக்கிழமை முன்னதாகப் போகாதவருக்குப் பள்ளியில் இடம் கிடைக்காது. எனவே ஒவ்வொருவரும் தம் பையனிடம் தொழுகைப் பாயைக் கொடுத்து முன்கூட்டியே அனுப்பி, தமக்குரிய இடத்தில் விரித்து வைக்கச் செய்வார்கள். பேரீச்சையைப் போன்று தோன்றினும் காய்க்காத ஒருவகை மரத்தின் ஓலையால் முடைந்த பாய்கள் அவை. ஜும்ஆ நாளில் எல்லாரும் வெள்ளாடை உடுத்துவார்கள். கிழிந்த ஒரே சட்டை உடையவரும் அதைத் துவைத்துத் தூய்மை செய்து அணிந்துகொண்டு பள்ளிக்கு வருவார். அரசரின் அத்தாணி மண்டபத்தைக் கண்டு வியந்தவர், அந்த ஏழையின் துவைத்த சட்டையையும் மறவாமல் பதிவு செய்திருக்கிறார்.

குர்ஆனை மனனம் செய்வதில் அவர்கள் காட்டிய ஆர்வம் அவரைப் பெரிதும் கவர்ந்தது. பாடத்தில் பின்தங்கும் பிள்ளைகளின் காலில் விலங்கு பூட்டி, மனனம் முடியும் வரை அவிழ்க்க மாட்டார்களாம். பெருநாள் அன்று காழியின் வீட்டுக்குச் சென்ற இப்னு பதூதா, அவருடைய பிள்ளைகள் விலங்கோடு இருப்பதைக் கண்டு, இன்றைக்காவது விடக்கூடாதா என்று கேட்கிறார். குர்ஆன் மனனமாகும் வரை விடுவதில்லை என்பதே காழியின் மறுமொழி. இன்றைய நமக்கு இது கடுமையாகத் தோன்றும், ஏற்கத்தக்கதும் அன்று. ஆயினும் அரபு தாய்மொழியல்லாத ஒரு நாட்டில், ஹாஃபிழ் ஆவது ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் உரிய இலக்காகக் கருதப்பட்டதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

அரபு அறியாத மக்களுக்குக் குத்பா எவ்வாறு எட்டியது? இதற்கும் அவர் நூலில் விடை உண்டு. பெருநாள் தொழுகையும் குத்பாவும் முடிந்தபின் கதீப் இறங்கி வந்து மன்ஸாவின் முன் அமர்ந்து நெடிது உரையாற்றினார். கையில் ஈட்டி ஏந்திய ஒருவர் அவ்வுரையை மக்களுக்கு அவர்களுடைய மொழியில் எடுத்துரைத்தார். அறிவுரையும் இறையச்சமும் மன்னருக்குக் கீழ்ப்படிதலும் அதன் பொருள். குத்பாவின் மொழி பற்றி நம்மிடையே பன்னெடுங்காலம் நிகழ்ந்த விவாதங்களை அறிந்தோர்க்கு, 14ஆம் நூற்றாண்டின் நைஜர் கரையில் இந்த ஏற்பாடு இருந்தது என்பது நினைவில் கொள்ளத்தக்க செய்தியாகும்.

மொராக்கோ சுல்தான் அபுல் ஹசன் மறைந்த செய்திக்காக மன்ஸா சுலைமான் நடத்திய நிகழ்ச்சியையும் அவர் விவரிக்கிறார். அமீர்களும் ஃபுகஹாக்களும் காழியும் கதீபும் அழைக்கப்பட்டனர். குர்ஆன் ஜுஸ்உகள் கொண்டுவரப்பட்டு முழுக் குர்ஆனும் ஓதி முடிக்கப்பட்டது. மறைந்தவருக்காகவும் மன்ஸாவுக்காகவும் துஆச் செய்து உணவு பரிமாறினார்கள். கத்தம் ஓதும் நம் ஊர் வழக்கத்தை அறிந்தவர்க்கு அந்தக் காட்சி அயலானதாக இராது.

பள்ளிவாசலில் எழுந்த முறையீடு

நற்பண்புகளின் பட்டியலில் முதலிடம் பெறுவது தொழுகையன்று, நீதி. இந்நாட்டில் அநீதி மிகக் குறைவு. அதை எவர் செய்தாலும் மன்னர் மன்னிப்பதில்லை என்கிறார். அடுத்துச் சொல்வது பாதுகாப்பு: பயணியும் சரி, ஊரில் இருப்பவரும் சரி, திருடருக்கோ கொள்ளையருக்கோ அஞ்ச வேண்டியதில்லை. மூன்றாவதாக, அங்கு வந்து இறந்துபோகும் அரபு வணிகரின் சொத்து எவ்வளவு பெரிதாயினும் அரசு அதைத் தொடுவதில்லை. உரியவர் வந்து பெறும் வரை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் ஒப்படைத்து வைப்பார்கள்.

இவற்றுக்குச் சான்றாக அவர் நேரில் கண்ட நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஒரு ஜும்ஆ நாளில், மஸூஃபா குலத்தைச் சேர்ந்த வணிகரும் கற்றவருமான அபூ ஹஃப்ஸ் என்பவர் பள்ளிவாசலில் எழுந்து நின்றார். மன்ஸா சுலைமானை அண்ணல் நபி (ஸல்) அவர்களின் முன்னிலையில் வழக்குக்கு அழைப்பதாகவும், அதற்குப் பள்ளியிலுள்ள அனைவரும் சாட்சி என்றும் அறிவித்தார். மன்னர் அமர்ந்திருந்த தடுப்புக்குள்ளிருந்து ஆட்கள் வந்து, யார் உமக்குத் தீங்கிழைத்தார், உம்மிடமிருந்து எதைப் பறித்தார் என வினவினர். வலாத்தாவில் மன்னரின் அதிகாரி 600 மித்கால் பெறுமானப் பொருளை எடுத்துக்கொண்டு 100 மித்கால் மட்டுமே தர முற்படுகிறார் என்றார் அவர். மன்னர் உடனே அந்த அதிகாரியை வரவழைத்தார். சில நாட்களில் அவர் வந்து சேர்ந்தபோது வழக்கைக் காழியிடம் அனுப்பினார். வணிகரின் உரிமை நிறுவப்பட்டது. அவர் தம் பொருளின் முழு மதிப்பையும் பெற்றார். அதிகாரி பதவி இழந்தார்.

இந்நிகழ்ச்சியில் ஊன்றி நோக்க வேண்டியவை இரண்டு. பேரரசர் ஒருவரைக் குடிமகன் ஒருவர் ஜும்ஆ மக்கள் முன் மறுமை நீதியின் பெயரால் அழைக்க முடிந்தது. அழைத்தவருக்குத் தீங்கு எதுவும் நேரவில்லை. மேலும், மன்னர் தாமே தீர்ப்பளிக்காமல் காழியிடம் வழக்கை ஒப்படைத்தார். மாலி மக்களின் அன்றாட வாழ்வில் இஸ்லாம் வழிபாடாக மட்டுமன்றி, வலியவரைத் தட்டிக் கேட்கும் உரிமையாகவும் வேரூன்றியிருந்தது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று தேவையில்லை.

இதனை இப்னு பதூதா நம் மண்ணில் கண்டதோடு ஒப்பிடுவது தகும். மதுரையைத் தலைநகராகக் கொண்ட மஅபர் சுல்தான் கியாதுத்தீன் தாம்கானி உறவு முறையில் அவருக்குச் சகலை. ஆயினும் அவர் பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற கொடுமையை இப்னு பதூதா வன்மையாகக் கண்டித்து எழுதினார். உறவுக்காக மஅபரின் கொடுமையை மறைக்காதவர், கஞ்சத்தனத்துக்காக மாலியின் நீதியையும் மறைக்கவில்லை. கஞ்சத்தனம் என்று சொல்லக் காரணம் உண்டு. மன்ஸாவின் வரவேற்புப் பரிசு வந்துவிட்டது என்று கேட்டு, பட்டாடையும் பொன்னும் எதிர்பார்த்து எழுந்து நின்றவரிடம் வந்தவை மூன்று ரொட்டிகள், பொரித்த மாட்டிறைச்சித் துண்டு ஒன்று, ஒரு சுரைக்குடுவை மோர் ஆகியவையே. அவர் சிரித்துவிட்டார். பின்னர் ரமளானில் மன்னரிடம் நேரில் முறையிட்ட பிறகே தங்க ஒரு வீடும் செலவுக்குப் பொருளும் கிடைத்தன. விடைபெறும்போது 100 மித்கால் பொன் தரப்பட்டது. இவ்வளவு மனக்குறை இருந்தும் நீதியைப் பற்றி அவர் தந்த சாட்சியம் பிறழவில்லை.

மார்க்கமும் மரபும்

குறைகளின் பட்டியல் என்ன சொல்கிறது? பணிப்பெண்களும் இளம் பெண்களும் ஆடையின்றி மக்கள் முன் வருதல். மன்னர் முன் மரியாதைக்காகத் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக் கொள்ளுதல். பறவை இறகால் வேடம் பூண்டு, மரத்தாலான பறவைத் தலையை அணிந்து பாணர்கள் பாடுதல். தானாகச் செத்தவற்றையும் நாய், கழுதை ஆகியவற்றின் இறைச்சியையும் பலர் உண்ணுதல். இவற்றுள் சில ஷரீஅத்துக்கு வெளிப்படையாக முரணானவை. அவற்றை ஒரு காழி கண்டித்தது இயல்பே. ஆனால் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. அவர் நகைப்புக்குரியதாகக் கருதிய அந்தப் பாணர் மரபே, மாலியை நிறுவிய சுன்ஜாத்தாவின் வரலாற்றைத் தலைமுறை தலைமுறையாக வாய்மொழியில் காத்துத் தந்தது. அப்பாணர்கள் மன்னர் முன் நின்று பாடியது, முன்னோர் செய்த நற்செயல்களைச் சொல்லி அவரையும் அவ்வாறே நன்மை செய்யுமாறு தூண்டும் அறிவுரையாகும் என்பதையும் இப்னு பதூதாவே குறிப்பிட்டுள்ளார்.

வலாத்தாவில் மஸூஃபா மக்களிடையே அவர் கண்டது இன்னும் ஆழ்ந்த சிக்கலை எழுப்புகிறது. அவர்கள் தொழுகையைப் பேணுபவர்கள், ஃபிக்ஹு கற்பவர்கள், குர்ஆனை மனனம் செய்பவர்கள். ஆயினும் அவர்கள் தந்தை வழியில் அல்லாமல் தாய்மாமன் வழியில் தம்மை அடையாளப்படுத்தினார்கள். சொத்து சகோதரியின் மகனுக்குச் சென்றது. உலகில் இதை மலபாரில், அதுவும் முஸ்லிம் அல்லாதாரிடம் மட்டுமே கண்டதாக வியப்போடு எழுதுகிறார். நாம் மருமக்கள்தாயம் என்று அறிவது இதுவே. பிற்காலத்தில் கண்ணூர்ப் பகுதி மாப்பிளா முஸ்லிம்களிடையிலும் இம்முறை நிலவியதையும், காயல்பட்டினத்தில் மணமகன் பெண்வீட்டில் சென்று வாழும் வழக்கம் இருப்பதையும் அறிந்த நமக்கு, மஸூஃபா மக்கள் அவ்வளவு விந்தையாகத் தோன்றமாட்டார்கள். கடலோர வணிகச் சமுதாயங்களும் பாலைவன வணிகச் சமுதாயங்களும் ஒன்றில் ஒத்திருந்தன: ஆடவர் நெடுநாள் பயணத்தில் இருந்தனர், வீடு பெண்களைச் சுற்றியே அமைந்தது.

அந்த ஊர்க் காழியைக் காணச் சென்றபோது, அவருடன் இளம்பெண் ஒருத்தி இருப்பதைக் கண்டு இப்னு பதூதா திரும்பிப் போக முற்பட்டார். அவள் நாணவில்லை, சிரித்தாள். தன் தோழி என்றார் காழி. ஹஜ் செய்த ஃபகீஹ் ஒருவர் இவ்வாறு நடப்பதா என்று அவர் திகைத்தார். மற்றொரு வீட்டில், மனைவி வேறோர் ஆடவருடன் பேசிக்கொண்டிருக்க, கணவர் அருகில் அமைதியாக இருந்தார். அரபு நாட்டில் வாழ்ந்து ஷரீஅத்தை அறிந்த நீர் இதை ஏற்கலாமா என்று கேட்டார் பயணி. எங்கள் நாட்டில் ஆண் பெண் நட்பு நல்லொழுக்கத்தோடு நடப்பது, அதில் ஐயத்துக்கு இடமில்லை, எங்கள் பெண்கள் உங்கள் நாட்டுப் பெண்களைப் போன்றவர்கள் அல்லர் என்னும் கருத்தில் கணவர் விடையளித்தார். அதன்பின் பலமுறை அழைத்தும் இப்னு பதூதா அவ்வீட்டுக்குச் செல்லவில்லை.

இங்கு யார் சரி என்று நாம் தீர்ப்புக் கூற வேண்டியதில்லை. மஹ்ரம் அல்லாதாருடன் பழகுவது பற்றிய ஃபிக்ஹு விதிகள் தெளிவானவை; அவற்றை நினைவூட்டுவது ஆலிமின் கடமை. ஆனால் அந்த மஸூஃபா மனிதரின் விடையில் ஒரு சமுதாயத்தின் தன்மானம் ஒலிக்கிறது. தம் ஊர்ப் பழக்கம் தவறென்று சொல்லப்படுவதை அவர் மறுக்கலாம், மறுக்காமலும் இருக்கலாம். தம் வீட்டாரின் கற்பு ஐயத்துக்கு உள்ளாவதை அவர் பொறுக்கவில்லை. வேறுபட்ட பழக்கத்தைக் கண்டவுடன் ஒழுக்கக்கேடு என்று முடிவு கட்டும் பயணியின் விரைவை அவர் தடுத்து நிறுத்தினார். அந்த விடையைத் தமக்கு எதிரானதாயினும் மறைக்காமல் எழுதியது இப்னு பதூதாவின் நேர்மை.

பட்டியலில் இல்லாதது

இரு பட்டியல்களிலும் இடம்பெறாத ஒன்றும் உண்டு. அது அடிமை முறை. தகாஸாவின் உப்பை வெட்டியவர்கள் அடிமைகள். திம்புக்து, காவ் வழியாகச் செம்புச் சுரங்க ஊரான தகத்தாவை அடைந்த இப்னு பதூதா, தாமே ஓர் அடிமைப் பெண்ணை விலைக்கு வாங்க முயன்றார். மொராக்கோ சுல்தானின் ஆணை வந்து 1353 செப்டம்பரில் அவர் வடக்கு நோக்கித் திரும்பியபோது, உடன் சென்ற ஒட்டக அணியில் 600 அடிமைப் பெண்கள் பாலைவனத்தைக் கடந்தனர். பெண்களின் ஆடையைப் பற்றி அவ்வளவு எழுதியவர், அந்த 600 பேரைப் பற்றி எண்ணிக்கைக்கு மேல் எதுவும் எழுதவில்லை. அவருடைய காலத்தின் பார்வை அதுவே என்பது உண்மைதான். ஆனால் அளவுகோல் எங்கே கூர்மையாக இருந்தது, எங்கே மழுங்கியிருந்தது என்பதை நாம் கவனிக்காமல் விடலாகாது.

அந்த மௌனத்தைப் பின்னர் ஓரளவு கலைத்தவர் அதே மண்ணின் மைந்தர் ஒருவர். திம்புக்துவின் பேரறிஞர் அஹ்மது பாபா (1556–1627). 1591இல் மொராக்கோப் படை அப்பகுதியைக் கைப்பற்றிய பின், 1594இல் அவர் கைதியாக மர்ராக்கேஷுக்குக் கொண்டு செல்லப்பட்டார். தம்மிடமிருந்து 1,600 நூல்கள் பறிக்கப்பட்டதாகவும், தம் குடும்பத்தாரின் நூலகங்களுள் தம்முடையதே சிறியது என்றும் அவர் கூறினார். 1608இல் ஊர் திரும்பிய அவர், 1615இல் வடக்கிலிருந்து வந்த வினா ஒன்றுக்கு விடையாக ‘மிஃராஜுஸ் ஸுஊத்’ என்னும் நூலை எழுதினார். கறுப்பு நிறம் அடிமைத்தனத்துக்குக் காரணமாகாது. சுதந்திரமான முஸ்லிம் எந்த நிறத்தவராயினும் அவரை அடிமையாக்குதல் ஹராம் என்று அதில் வாதிட்டார். போரில் பிடிபட்ட முஸ்லிமல்லாதாரை அடிமையாக்குவதை அவர் மறுக்கவில்லை. அந்த எல்லையையும் நாம் சொல்லியாக வேண்டும். எனினும் வடக்கு தெற்கைப் பார்த்துத் தீர்ப்புக் கூறிய வழக்கம் இங்குத் தலைகீழாகிறது. தெற்கின் அறிஞர் ஒருவர் ஷரீஅத்தைக் கையில் ஏந்தி வடக்கின் வணிகரைக் கேள்வி கேட்கிறார்.

ஊறிப்போன மார்க்கம்

இப்னு பதூதா சென்றபோது திம்புக்து இன்னும் பெரும் கல்வி நகராகவில்லை. அங்கு அவர் கண்டவற்றுள் அந்தலூசியக் கவிஞர் அஸ் ஸாஹிலியின் அடக்கத்தலம் குறிப்பிடத்தக்கது. அடுத்த இரு நூற்றாண்டுகளில் அந்நகர் வளர்ந்த விதம் வேறு. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குச் சென்ற லியோ ஆஃப்ரிக்கானஸ், வேறெந்தச் சரக்கைவிடவும் நூல் விற்பனையில் மிகுந்த ஆதாயம் கிடைத்ததாக எழுதினார். காழியின் பிள்ளைகள் காலில் விலங்கோடு ஓதிய தலைமுறையின் வழித்தோன்றல்களே அந்த நூல்களை வாங்கினார்கள், எழுதினார்கள்.

ஏடுகளில் மட்டுமன்றிப் பேச்சிலும் மார்க்கம் ஊறிப்போயிற்று. மாலியில் இன்று பரவலாகப் பேசப்படும் பம்பாரா மொழியில் செவ்வாய் ‘தராதா’, புதன் ‘அரபா’, வியாழன் ‘அலமிஸா’, வெள்ளி ‘ஜுமா’, சனி ‘ஸிபிரி’. அறிவைக் குறிக்கும் ‘ஹகிலி’ என்ற சொல்லில் ‘அக்ல்’ ஒலிக்கிறது. காரணத்தைக் குறிக்கும் ‘ஸபாபு’ என்ற சொல் ‘ஸபப்’ என்பதேயாகும். தம் தாய்மொழிகளை அரபு எழுத்தில் எழுதும் ‘அஜமி’ முறையையும் மேற்கு ஆப்பிரிக்க முஸ்லிம்கள் வளர்த்தெடுத்தனர். அரபுத்தமிழில் மார்க்க நூல்களும் கடிதங்களும் எழுதிய முன்னோரின் வாரிசுகளாகிய நாம், இரு சமுதாயங்களும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே தேவைக்கு ஒரே விடையைக் கண்டன என்பதை உணர முடியும். இறைவேதத்தின் எழுத்தைத் தாய்மொழிக்குத் தந்து, தாய்மொழியை வேதத்துக்கு அருகில் கொண்டு சேர்த்தார்கள்.

இந்த மார்க்க வாழ்வு தூய்மையானதன்று என்ற குற்றச்சாட்டு இப்னு பதூதாவோடு முடியவில்லை. 2012ஆம் ஆண்டில் திம்புக்துவைக் கைப்பற்றிய ஆயுதக் குழுவினர், உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டிருந்த 16 அடக்கத்தலங்களுள் 14ஐ இடித்தனர். சுவடிகளில் ஒரு பகுதியைப் பின்வாங்கும்போது எரித்தனர். தர்காக்கள் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது வாதத்தால் தீர்க்க வேண்டியது. கடப்பாறையால் அந்த வாதத்தை முடிக்க முயன்றது வேறு. அவ்வூர் மக்கள் பல்லாயிரம் சுவடிகளைப் பெட்டிகளில் மறைத்துத் தெற்கே பமாக்கோவுக்குக் கடத்திக் காத்தனர். 2015க்குள் உள்ளூர்க் கொத்தனார்களே அடக்கத்தலங்களை மீண்டும் கட்டி எழுப்பினர். இடிப்பில் ஈடுபட்ட ஒருவருக்கு 2016இல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் ஒன்பதாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

இப்னு பதூதாவை அந்தக் குழுவினரோடு ஒப்பிடுதல் அவருக்கு இழைக்கும் அநீதியாகும். அவர் முகம் சுளித்தார். ஆனால் எதையும் இடிக்கவில்லை. மாலத்தீவில் காழியாக இருந்தபோது பெண்களை மேலாடை அணியச் செய்ய முயன்று முடியவில்லை என்பதையும் அவரே ஒப்புக்கொண்டு எழுதியவர். மாலியைப் பற்றி எழுதும்போது குறைகளுக்கு முன் நிறைகளை வைத்தார்; நிறைகளுள்ளும் நீதியை முதலில் வைத்தார். அந்த வரிசையே அவர் நூலிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் என்று தோன்றுகிறது.

ஒரு சமுதாயத்தின் இஸ்லாத்தை அளக்க முற்படுவோர் பெரும்பாலும் ஆடையிலும் சடங்கிலும் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். தமிழ் முஸ்லிம்களின் பழக்க வழக்கங்களை வெளியிலிருந்து நோக்கியோரும் அவ்வாறே பலமுறை அளந்துள்ளனர். நாமும் பிறரை அவ்வாறு அளந்ததுண்டு. மாலியில் வெளியூரார் ஒருவரின் சொத்து அவருடைய வாரிசுகளுக்காகக் காக்கப்பட்டதா, எளியவர் ஒருவர் ஜும்ஆவில் எழுந்து மன்னரைக் கேட்க முடிந்ததா, ஏழை தன் ஒற்றைச் சட்டையைத் துவைத்து அணிந்து முன்வரிசைக்கு வர முடிந்ததா என்று ஒரு காழி கேட்டார், விடைகளையும் எழுதிவைத்தார். நம் ஊர்ப் பள்ளிகளிலும் ஜமாஅத்துகளிலும் இதே கேள்விகளைக் கேட்டால் என்ன விடை கிடைக்கும் என்பதை அவரவர் மனச்சான்றே சொல்ல வேண்டும்.